கொல்லைப்புற அடுப்புக்குச் சில குறிப்புகள்

செண்பகத்தோப்புக்குப் போகிற வழியில், தென்னந்தோப்பும் மாந்தோப்பும் முடிந்து மலை தொடங்குகிற மேட்டில் நின்று மார்கழிக் காலையில் கிழக்கே பார்த்தால், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊரின் மேல் வெள்ளையாக ஒரு படலம் கிடக்கும். பனி என்று சொல்லிக்கொள்வோம். பனியும் உண்டு. அதோடு, அந்நேரம் ஊருக்குள் எரிந்துகொண்டிருக்கும் வெந்நீர் அடுப்புகளின் புகையும் உண்டு. ராஜபாளையத்தின் மேலும் இதே கதைதான்.

ஒரு காலத்தில் இரண்டு ஊருக்கும் விறகு இந்த மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கியது. 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் வந்தது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் வந்துவிட்டது. இப்போது ஊருக்குள் எரிவது பெரும்பாலும் கண்மாயிலும் தரிசிலும் வெட்டின சீமைக் கருவேலம், தோப்பில் விழுந்த மட்டை, பாளை, மாங்கிளை. விறகு வரும் திசை மாறியதே தவிர, புகை நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் பத்தில் எட்டு வீட்டுக்கு மேல் காஸ், மின்சாரம் போன்ற புகையில்லாத எரிபொருளில்தான் சமைக்கிறார்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு கேட்பது வீட்டின் முக்கிய அடுப்பைப் பற்றி. கொல்லையில் மூன்று கல்லை வைத்து அண்டா ஏற்றுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. கீழே உள்ள குறிப்புகள் அந்த இரண்டாவது அடுப்புக்கானவை.

1. முதலில் அடுப்புகளை எண்ணுங்கள்.
வீட்டில் எத்தனை இடத்தில், எதற்காக நெருப்பு எரிகிறது என்று ஒரு வாரம் காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள். வெந்நீர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைப்பது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு, கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, வாசலில் கூட்டிக் கொளுத்தும் சருகு. எல்லாவற்றையும் எழுதினால்தான் எது அதிக நேரம் எரிகிறது என்று தெரியும். பெரும்பாலான வீடுகளில் அது சமையலாக இருக்காது, வெந்நீராகத்தான் இருக்கும். அதனால் கை வைக்க வேண்டியதும் அங்கேதான்.

2. வெந்நீருக்கு விறகு வேண்டுமா என்று கணக்குப் போடுங்கள்.
ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 400 கிலோ கலோரி வெப்பம் போதும். மின்சாரக் கணக்கில் அது அரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. 1500 வாட் வாட்டர் ஹீட்டர் கம்பி இருபது நிமிடத்தில் முடித்துவிடும். அதே வேலையைத் திறந்த விறகடுப்பில் செய்தால், வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோதான் பானைக்குள் போகும். மீதி சுவருக்கும் காற்றுக்கும். ஆகவே ஒரு வாளிக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை காய்ந்த விறகு. நாலு பேர் குளிக்கும் வீட்டில் மார்கழி ஒரு மாதத்தில் மட்டும் சுமார் நூறு கிலோ விறகு புகையாகித் தெருவில் கிடக்கிறது.

விறகு தோப்பிலிருந்து சும்மா வருகிறதே என்று கேட்பவர்களுக்கு: வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரமும் சும்மாதான் வருகிறது. நாலு வாளிக்கும் தினமும் கம்பி போட்டால் அந்த நூறைத் தாண்டிவிடும் என்பதும் நிஜம். அதனால் கைக்குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் கம்பி. மற்றவர்கள் சாயங்காலம் குளித்துப் பாருங்கள். மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியில் நாலு மணிக்கு இருக்கும் தண்ணீரை விளாவ வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. சொந்த வீடு, மாடியில் நிழல் விழாத இடம் என்று இரண்டும் இருந்தால் சூரிய வெந்நீர்த் தொட்டியைப் போல லாபமான வேறு செலவு நம் ஊரில் இல்லை. வெயிலுக்கு இங்கே என்ன பஞ்சம்?

கம்பி போடுகிறவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எர்த் இணைப்பும் கட்டாயம்.

அடுப்பேதான் என்றால் அண்டாவை மூடுங்கள். அடியில் பிடித்த கரியை வாரம் ஒருமுறை சுரண்டுங்கள். கரி தடித்தால் சூடு உள்ளே இறங்காது. ஆறு பேருக்கான அண்டாவை ஒருவருக்காக ஏற்றாதீர்கள்.

3. விறகைச் சித்திரையில் வாங்கி ஐப்பசியில் எரியுங்கள்.
இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. கட்டை சூடாகும்போது அதிலிருந்து கிளம்பும் ஆவி, நல்ல தணல் இருந்தால் தீப்பிடித்துச் சுடராகிவிடும். சூடு போதாவிட்டால் அப்படியே வெளியேறி நம் கண்ணில் ஏறும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீர் காய்ந்து தீரும்வரை அடுப்பு சூடேறாது. பச்சை விறகு வாங்குகிறவர் தண்ணீரையும் எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்குகிறார்.

வண்டியில் வந்து இறங்கும் கருவேலம் பெரும்பாலும் பச்சைதான். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும். பச்சை மொத்தென்று கேட்கும். வெட்டு முகத்தில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். பட்டை நகத்தால் நெம்பினால் பெயர வேண்டும்.

அடுக்கும் முறையும் முக்கியம். மண்ணில் படாமல் நாலு கல்லின் மேல், காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் தகரமோ ஓலையோ போதும்; பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டினால் விறகு புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து வைத்தால் சீக்கிரம் காயும், சீராக எரியும். விறகு எடுக்கும்போது கையை விடுவதற்கு முன் ஒரு கம்பால் தட்டிவிடுங்கள். அடுக்கின் அடியில் தேளும், சமயத்தில் அதைவிடப் பெரியதும் குடியிருக்கும். மலையடிவாரக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

4. பற்றவைக்க பிளாஸ்டிக் வேண்டாம்.
பால் கவர், பிய்ந்த செருப்பு, சைக்கிள் டயர் துண்டு: மூன்றும் சட்டென்று பிடிக்கும், மூன்றும் விஷம். பி.வி.சி. பைப், ஒயர் உறை போன்றவற்றை எரித்தால் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது உடம்பின் கொழுப்பில் தங்கி வருஷக்கணக்கில் போகாது. சிவகாசி பக்கத்தில் இருப்பதால் நமக்கு அச்சகக் கழிவுத் தாளுக்குப் பஞ்சமில்லை. அதிலும் பளபளப்பாக இருப்பவை, வெள்ளி ஒட்டியவை, கிழித்தால் ஜவ்வு மாதிரி இழுபடுபவை அடுப்புக்கு ஆகாது. வெறும் தாள் என்றால் சரி.

நம் தோப்பே நல்ல பற்றுப்பொருள் தருகிறது. காய்ந்த தென்னம்பாளையை விரல் அகலத்துக்குக் கிழித்துக் கட்டி வையுங்கள். பன்னாடை, தேங்காய் நார், ஒரு துண்டுச் சிரட்டை. சிரட்டை ஒருமுறை பிடித்துவிட்டால் நின்று எரியும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, அதுவும் கங்கு இருக்கும் அடுப்பில் ஊற்றுவது, எத்தனையோ வீட்டில் ஆளையே கொண்டுபோயிருக்கிறது.

5. அடுப்புக்குள் விறகைத் திணிக்காதீர்கள்.
விறகின் நுனிதான் எரிய வேண்டும். நடுக்கட்டையும் உள்ளே இருந்தால் அது வெந்து ஆவி விடுமே ஒழிய எரியாது. இரண்டு மூன்று கட்டையை மட்டும் வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். விறகுக்கு அடியில் காற்று புகும்படி பழைய இரும்புக் கம்பிகளை நாலைந்து குறுக்கே போட்டு ஒரு தட்டாக்கி, சாம்பலைத் தினமும் அள்ளிவிட்டால் புகை குறைவது கண்ணுக்கே தெரியும். ஊதாங்குழலில் குனிந்து ஊதும்போது மூச்சை இழுப்பதும் அதே புகையிலிருந்துதான். ஒரு பனைவிசிறியைப் பக்கத்தில் வையுங்கள்.

கொடி அடுப்பு இருக்கிற வீடுகள் கொடுத்துவைத்தவை. உலையைப் பெரிய கண்ணில் ஏற்றினால் ரசம் கொடியில் தானாகக் கொதிக்கும். ஆனால் கொடியை வெறுமனே திறந்து போடாதீர்கள். அது வழியாகத்தான் புகை அடுப்பங்கரைக்குள் வரும். எதுவும் வைக்காவிட்டால் ஒரு தண்ணீர்ச் சட்டியாவது வைத்து மூடுங்கள்.

சமையல் முடிந்ததும் கொள்ளிக்கட்டையை அப்படியே புகைய விடுவது நம் பழக்கம். சுடர் இல்லாமல் கனிந்து கிடக்கும் கட்டைதான் அதிகம் புகையும். வெளியே இழுத்து, நுனியைச் சாம்பலிலோ மணலிலோ புதைத்து அணையுங்கள். தண்ணீர் தெளித்தால் மறுநாள் அதே கட்டை ஈர விறகாக நம்மிடமே வரும்.

6. புகைக்கூண்டு இருந்தால் மட்டும் போதாது.
1980-களில் ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டித் தந்தார்கள். மத்திய அரசின் அந்தத் திட்டம் 1983-ல் தொடங்கி 2002 வரை நடந்தது. கோடிக்கணக்கில் அடுப்புகள் கட்டப்பட்டன. பல வீடுகளில் குழாய் விரிசல் விட்டது, அடைத்தது, கடைசியில் அடுப்பையே இடித்துவிட்டார்கள். கட்டியதற்குக் கணக்கு இருந்தது, பழுது பார்க்க ஆள் இல்லை. உங்கள் வீட்டுக் குழாய்க்கு நீங்கள்தான் ஆள். மாதம் ஒருமுறை கம்பியில் சாக்குத்துணி சுற்றி உள்ளே விட்டுக் கரியை இறக்குங்கள். குழாயின் வாய் கூரை முகட்டுக்கு மேல் இரண்டு அடியாவது நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளேயே தள்ளும்.

அடுத்த கேள்வி, அந்தக் குழாயிலிருந்து போகும் புகை எங்கே போகிறது என்பது. ராஜபாளையத்துக் கோட்டைத் தெருக்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களிலும் சுவரும் சுவரும் ஒட்டி நிற்கின்றன. உங்கள் குழாயின் வாய் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்கு நேராக இருக்கலாம். 1952 டிசம்பரில் லண்டனில் நடந்தது இதன் பெரிய வடிவம். அங்கே வீட்டுக்கு வீடு கணப்புகளில் நிலக்கரி எரிந்தது, வீட்டுக்கு வீடு புகைக்கூண்டும் இருந்தது. டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையாமல் குளிர் அமுக்கிக்கொள்ள, ஆலைப் புகையோடு வீட்டுப் புகையும் சேர்ந்து தெருவிலேயே தங்கிவிட்டது. சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னாளில் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. 1956-ல் அவர்கள் கொண்டுவந்த தூய காற்றுச் சட்டம் ஆலைகளோடு நிற்காமல் வீட்டுக் கணப்பு வரை வந்தது. நம் ஊர் லண்டன் அல்ல. எரிவதும் நிலக்கரி அல்ல. ஆனால் குளிர்ந்த காலையில் புகை மேலே ஏறாது என்பது எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

7. ஏழு மணிக்கு முன் பற்றவைக்காதீர்கள்.
மார்கழி, தை மாதங்களில் இரவு முழுதும் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று கனத்துக் கிடக்கும். மேலே சூடான காற்று மூடிபோல் நிற்கும். விடியலில் விடும் புகை அந்த மூடிக்கு அடியிலேயே பரவும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் காற்று கலைந்து மேலே போகும். அதே அடுப்பு, அதே விறகு. ஏழரை மணிக்கு எரித்தால் தெருவுக்கு வரும் தொல்லை குறைவு. சாயங்காலம் பொழுது சாய்ந்த பிறகு எரிப்பதும் விடியற்காலை எரிப்பது போலத்தான்.

ஊரே வாசல் தெளித்துக் கோலம் போடுவதும், கோயிலுக்கு நடப்பதும் சரியாக அந்த விடியற்காலை நேரத்தில்தான். ஆண்டாள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழி முழுக்கக் கோயிலில் கூட்டம். இளைப்பு இருப்பவர்கள் வெயில் வந்தபின் நடக்கலாம்.

பக்கத்து வீட்டில் எரிந்தால்? சண்டைக்குப் போக வேண்டாம். "அக்கா, சின்னவனுக்கு இளைப்பு இழுக்குது, கொஞ்சம் வெயில் வந்த பெறகு பத்தவைக்கிறீங்களா?" என்று கேட்டால் மறுக்கிறவர் குறைவு. கூடவே உங்கள் காய்ந்த விறகில் நாலு கட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நல்லது.

8. கைக்குழந்தையை இடுப்பில் வைத்து அடுப்படியில் நிற்காதீர்கள்.
அடுப்புப் புகையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் இருக்கிறது. தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு அளவே இருப்பதால் நுரையீரலின் அடிவரை போகிறது. வீட்டு எரிபொருள் புகையால் 2020-ல் உலகம் முழுதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளும் லட்சக்கணக்கில் அடக்கம்.

இது தொடர்பான பெரிய ஆய்வு ஒன்று நம் தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் இங்கே நடத்தினார்கள். குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய மூன்று நாடுகளிலும் கூடவே நடந்தது. விறகில் சமைக்கும் கர்ப்பிணிகள் 3,200 பேரில் பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். விறகுக்காரர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருக்க, காஸுக்கு மாறியவர்களுக்கு அது 24 ஆகக் குறைந்தது. மூன்றில் ஒரு பங்கு!

ஆனால் 2022-ல் வந்த முடிவைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். இரண்டு தரப்பிலும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குழந்தைகளின் கடுமையான நிமோனியாவிலும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2024-ல் சொன்னார்கள். "பார்த்தீங்களா, விறகுப் புகை ஒண்ணும் பண்ணாது" என்று சிலர் இதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த 24-தான் கண்ணில் படுகிறது. ஒரு நாளின் சராசரி 15-ஐத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டுச் சட்ட வரம்பு 60. சொந்த அடுப்பைச் சுத்தமாக்கிய பிறகும் அந்தப் பெண்கள் 15-க்கு மேல்தான் சுவாசித்தார்கள். ஜன்னல் வழியாகத் தெரு உள்ளே வருகிறது. ஒரு வீடு மட்டும் மாறினால் அந்த வீட்டுக்கே முழுப் பலன் கிடைக்காது. தெரு மொத்தமும் மாற வேண்டியிருக்கிறது.

அதுவரை செய்யக்கூடியது: குழந்தையைக் காற்று வரும் பக்கத்து அறையில் தூங்கவையுங்கள். அடுப்புக்கு எதிரே ஒரு ஜன்னலும், கூரையை ஒட்டி ஒரு திறப்பும் வேண்டும். ஒன்று காற்றை உள்ளே விட, மற்றது புகையை வெளியே விட.

9. காஸ் சுடர் நீலமாக இருக்கிறதா பாருங்கள்.
மஞ்சள் நாக்கு நீட்டினாலோ, பாத்திரத்தின் அடி கறுத்தாலோ பர்னர் துளை அடைத்திருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து ஊக்கால் குத்திச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைப்பது, கொதி வந்ததும் தீயைத் தணிப்பது, குக்கர் வெயிட் போட்டதும் சிம்மில் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

மாதக் கடைசியில் சிலிண்டர் தீர்ந்து விறகுக்குத் திரும்புவது பல வீட்டில் நடக்கிறது. அவர்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் ஒன்று கைவசம் இருப்பது உதவும். சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஏ, பி, சி, டி என்பவை வருஷத்தின் நாலு காலாண்டுகள். டி-27 என்றால் 2027 டிசம்பருக்குள் அதை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காலம் கடந்ததை வாங்காதீர்கள். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவு வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள்.

10. பால்கோவாவின் ருசி புகையில் இல்லை.
இதைச் சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் சண்டைக்கு வருவார்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். புளிய விறகில் கிண்டினால்தான் கோவா என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அகலமான இரும்புச் சட்டியின் அடி முழுதும் ஒரே மாதிரி சூடு பரவ விறகு உதவுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நிறமும் மணமும் வருவது பால் நிதானமாகச் சுண்டுவதாலும், கை ஓயாமல் கிண்டுவதாலும். பாலில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று சேர்ந்து தருவதுதான் அந்த இளம் பழுப்பு. வீட்டில் செய்ய நினைத்தால் அடி கனத்த, வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைக் காஸில் நடுத்தர தீயில் ஏற்றுங்கள். பாதியாகச் சுண்டியதும் நூறு கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகச் சர்க்கரை சேருங்கள். ஓரத்தில் படியும் ஏட்டை அவ்வப்போது சுரண்டி உள்ளே தள்ளுங்கள். முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

விறகில்தான் செய்வேன் என்கிற தொழில்காரர்கள், கிண்டும் ஆளின் முகத்துக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவே சுவர் வையுங்கள். விறகு தள்ளும் வாய் ஒரு பக்கம், சட்டி மறுபக்கம் இருக்கட்டும். நாள் முழுக்க அங்கே நிற்பவரின் நெஞ்சும் நுரையீரலும் இந்தத் தொழிலில் ஒரு பங்குதானே.

11. கொசுவர்த்தியும் அடுப்புதான்.
2003-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரித்ததற்குச் சமம் என்று அளந்து சொன்னது. பீடி சிகரெட்டை வாசலில் நிறுத்திய வீட்டில்கூடக் கதவை மூடிக்கொண்டு இரவெல்லாம் சுருள் எரிகிறது. கொசுவலைக்கு ஒருமுறைதான் செலவு. சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜன்னலுக்கு வலைக்கதவு போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சாம்பிராணியை விடச் சொன்னால் கேட்க மாட்டீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், போட்டதும் தூபக்காலைக் கொல்லைக்கு எடுத்துப்போய்விடுங்கள். குளிப்பாட்டின பச்சைக் குழந்தையின் தலையைப் புகையில் காட்டுவதை மட்டும் நிறுத்தியே ஆக வேண்டும். தலை காய மெல்லிய பருத்தித் துண்டு போதும்.

12. மூடிய அறைக்குள் கரி கூடாது.
நம் மாவட்டத்துக் கருவேலங்காடுகளில் மூட்டம் போட்டு எடுக்கும் கரி, விறகைப் போலப் புகையாது. ஆபத்தே அதில்தான். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில் குளிருக்குக் கங்குச் சட்டி வைப்பதும், இஸ்திரிப் பெட்டியின் கங்கை அணைக்காமல் படுக்கிற அறையில் வைப்பதும் வேண்டாம். கொடைக்கானல், ஊட்டிக்குச் சுற்றுலா போய் அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவை மூடிப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தி அவ்வப்போது வருகிறது. தலைவலி, குமட்டல், அசதி மூன்றும் வீட்டில் பல பேருக்கு ஒரே சமயத்தில் வந்தால் உணவைச் சந்தேகப்படும் முன் கங்கைச் சந்தேகப்படுங்கள். ஆளை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

13. சருகைக் கொளுத்தாதீர்கள்.
மாசி, பங்குனியில் மாந்தோப்பில் சருகு முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். ஒரு தீக்குச்சியில் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். அதே மாதங்களில்தான் மலையும் காய்ந்து கிடக்கிறது. செண்பகத்தோப்பு அடிவாரத்தில் தோப்பு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று தீக்குத் தெரியாது. சருகை மரத்தடியில் பரப்பி மண் தூவி வைத்தால் ஈரம் காக்கும். மிச்சத்தைக் குழியில் போட்டுச் சாணிக் கரைசல் தெளித்து மூடுங்கள். போகிக்கும் பழைய பாயும் துடைப்பமும் போதும். டயரும் ரெக்சின் பையும் மக்காத குப்பை வண்டிக்கு.

14. இரண்டு மாடு இருந்தால் சாண எரிவாயுக் கலன் போடுங்கள்.
எருவாகத் தட்டி எரித்தால் சாணத்தைப் போலப் புகையும் எரிபொருள் குறைவு. அதே சாணம் 25 கிலோவைத் தினமும் கலனில் கரைத்து ஊற்றினால் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அது அரைக் கிலோ சிலிண்டர் காஸுக்குச் சற்றுக் குறைவான வேலையைச் செய்யும்; சிறிய குடும்பத்தின் ஒரு நாள் சமையலுக்குக் கிட்டத்தட்டப் போதும். வெளியே வரும் கழிவு நேராகத் தென்னைக்குப் போகும். கட்டுவதற்கு முன் தோப்பில் நிஜமாகவே இரண்டு மாடாவது வருஷம் முழுதும் கட்டியிருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். மானியம் கிடைக்கிறது என்று கட்டி, மாட்டை விற்றபின் தொட்டியில் தவளை வளர்க்கிற வீடுகள் உண்டு.

15. சாம்பலைப் பிரித்து வையுங்கள்.
விறகுச் சாம்பலைச் சலித்துப் பாத்திரம் துலக்கலாம், தென்னைக்கும் வாழைக்கும் கைப்பிடி அளவு போடலாம், கீரைப் பாத்தியில் பூச்சிக்குத் தூவலாம். பிளாஸ்டிக்கோ, சாயம் அடித்த பலகையோ, பழைய பிளைவுட்டோ எரிந்த அடுப்பின் சாம்பல் இதில் எதற்கும் ஆகாது. அதைக் கீரையிலும் போடாதீர்கள், துலக்கவும் எடுக்காதீர்கள். அள்ளும்போது லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அள்ளுங்கள். உள்ளே கங்கு ஒளிந்திருக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளியில் போடாமல் பழைய தகர டப்பாவில் போட்டு ஒரு நாள் ஆறவிடுங்கள்.